99.54: ஒரு எண்ணின் மேல் ஒரு புகார்

வீடியோ போக்கர் பற்றி யார் எழுதியதைப் படித்தாலும் இரண்டாவது பக்கத்துக்குள் 99.54 என்ற எண் வந்துவிடும். 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்' என்கிற வகை இயந்திரத்தில், எதை வைத்துக்கொள்ள வேண்டுமோ அதை வைத்துக்கொண்டு, எதைத் தூக்கிப் போட வேண்டுமோ அதைப் போட்டால், கட்டிய பணத்தில் சராசரியாக 99.54 சதவீதம் திரும்ப வரும். கேசினோவுக்கு மிஞ்சுவது அரை சதவீதம்கூட இல்லை. சூதாட்டத்திலேயே இதுதான் நியாயமான ஆட்டம், கொஞ்சம் மூளை இருந்தால் போதும் என்று அந்தப் பக்கம் முடியும்.

இந்த எண்ணைச் சரிபார்க்க இரண்டு மூன்று வார இறுதிகளைச் செலவழித்தேன். எண் சரி. அதில் சந்தேகமே வேண்டாம். என்னுடைய புகார் அதை வைத்துக்கொண்டு சொல்லப்படும் கதையின் மேல்தான்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக. 1970களின் கடைசியில் சை ரெட் என்பவரின் நிறுவனம் நெவாடாவில் இந்த இயந்திரங்களைப் பரவலாக்கியது. பின்னாளில் ஐஜிடி என்ற பெயரில் உலகம் பூராவும் இயந்திரம் விற்ற அதே நிறுவனம். திரையில் ஐந்து சீட்டு விழும். வேண்டியதை நிறுத்திவைத்து மற்றதை ஒரே ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் கையில் என்ன இருக்கிறதோ அதற்குப் பட்டியல்படி பணம். எதிராளி கிடையாது, முகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டியதில்லை. கட்டியது ஒரு காசு என்றால்: ஜாக்கி அல்லது அதற்கு மேலான ஜோடிக்கு 1 (அதாவது போட்டது திரும்ப வரும்), இரண்டு ஜோடிக்கு 2, ஒரே எண்ணில் மூன்று வந்தால் 3, ஸ்ட்ரெய்ட் 4, ஃப்ளஷ் 6, ஃபுல் ஹவுஸ் 9, ஒரே எண்ணில் நான்கு 25, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் 50, ராயல் ஃப்ளஷ் 800. இந்தப் பட்டியலுக்கு '9/6' என்று பெயர். ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃப்ளஷுக்கு 6.

நம்மைப் போன்றவர்களை இந்த ஆட்டம் இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்லாட் இயந்திரத்தின் உள்ளே என்ன நிகழ்தகவு வைத்திருக்கிறார்கள் என்று வெளியில் நிற்பவனுக்குத் தெரியாது. வீடியோ போக்கரில் தெரியும். நெவாடா விதிப்படி, சீட்டுக்கட்டைத் திரையில் காட்டும் ஆட்டத்தில் ஒவ்வொரு சீட்டும் வரும் நிகழ்தகவு நிஜக் கட்டில் இருப்பது போலவே இருக்க வேண்டும். பணப் பட்டியல் கண்ணெதிரே எழுதியிருக்கிறது. 52 சீட்டும் பட்டியலும் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் எண்ணிக்கைதான். (எல்லா ஊரிலும் அப்படி இல்லை. அமெரிக்கப் பழங்குடியினர் நடத்தும் சில கூடங்களில் போக்கர் மாதிரியே தெரிகிற திரைக்குப் பின்னால் ஓடுவது பிங்கோ. அங்கே நீங்கள் எந்தச் சீட்டைப் பிடித்தாலும் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டது. இந்தக் கட்டுரைக் கணக்கு எதுவும் அங்கே செல்லாது.) இந்த ஆட்டத்தின் ஆரம்பகாலக் கணக்குகளைப் போட்டுப் பரப்பியவர்களில் முக்கியமானவரான லென்னி ஃப்ரோம் ஓய்வுபெற்ற விண்வெளித்துறைப் பொறியாளர் என்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

நிரல் எழுதும்போது ஒரு இடத்தில் சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் கை 25,98,960 விதமாக வரலாம். ஒவ்வொரு கையையும் 32 விதமாகப் பிடிக்கலாம், ஏனென்றால் ஐந்து சீட்டில் ஒவ்வொன்றும் இருக்கும் அல்லது போகும். ஒன்றும் மாற்றாவிட்டால் முடிவு 1. ஒன்றை மட்டும் மாற்றும் ஐந்து வழிகளில் 235 முடிவு, இரண்டை மாற்றினால் 10,810, மூன்றுக்கு 1,62,150, நான்குக்கு 8,91,825, எல்லாவற்றையும் மாற்றினால் 15,33,939. கூட்டிப் பாருங்கள், 25,98,960. மறுபடி அதே எண்! முதலில் நிரலில் ஏதோ பிழை என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. எந்தக் கையிலிருந்தும் எந்தக் கைக்கும் போக ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவான சீட்டுகளைப் பிடித்துக்கொண்டு மற்றதை மாற்றுவது. ஆகவே மொத்த வேலை அந்த எண்ணின் வர்க்கம், கிட்டத்தட்ட 6.75 லட்சம் கோடி. ஸ்பேடு, ஹார்ட் போன்ற நிறங்களை இடம் மாற்றினால் கணக்கு மாறாது என்பதைப் பயன்படுத்தினால் 1,34,459 கைகளைப் பார்த்தாலே போதும். வீட்டு மடிக்கணினியே செய்துவிடும்.

சரி, கணக்கு என்ன சொல்கிறது? ஒரு கையை எடுத்துக்கொள்வோம். ஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, நாலு. ஐந்தும் ஸ்பேடு, அதாவது ஃப்ளஷ். கையில் வந்த பணம், 6. இதை அப்படியே வைத்துக்கொள்வதா, நாலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பேடு ஏஸுக்காகக் காத்திருப்பதா?

மீதி 47 சீட்டு. ஸ்பேடு ஏஸ் வந்தால் ராயல், 800. ஸ்பேடு ஒன்பது வந்தால் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், 50. மற்ற ஆறு ஸ்பேடில் எது வந்தாலும் மறுபடி ஃப்ளஷ், ஆறு ஆறாக 36. வேறு நிற ஏஸ் மூன்று, ஒன்பது மூன்று, ஆறுக்கும் ஸ்ட்ரெய்ட், 24. ராஜா, ராணி, ஜாக்கி மற்ற நிறங்களில் ஒன்பது இருக்கின்றன, ஜோடிக்கு ஒன்று வீதம் 9. மொத்தம் 919. 47ஆல் வகுத்தால் 19.55. கையில் இருக்கும் 6க்கு எதிரே 19.55. போட்டி என்றே சொல்ல முடியாது.

ஆனால் 47இல் 24 தடவை உங்களுக்கு ஒன்றுமே கிடைக்காது. கைக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாதிக்கு மேல் வெறுங்கையோடு நிற்பீர்கள், அதுதான் சரியான ஆட்டம். அந்த 19.55இல் 17.02 அந்த ஒற்றை ஏஸிலிருந்து வருகிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் 2.53, ஆறில் பாதிகூட இல்லை. அதாவது, 47இல் ஒன்று விழும் ஒரு லாட்டரிச் சீட்டை நீங்கள் வாங்குகிறீர்கள், விலை மலிவாக இருப்பதால்.

இந்த மாதிரிக் கணக்கின் மதிப்பை நான் குறைக்கவில்லை. சின்னச் சின்ன இடங்களில் நம் உள்ளுணர்வு எவ்வளவு மோசம் என்று அது காட்டிக் கொடுக்கிறது. கையில் இரண்டு அஞ்சும் ஒரு ஏஸும் இருந்தால் அந்த ஏஸையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளத்தான் கை துறுதுறுக்கும். பெரிய சீட்டு ஆயிற்றே, இருக்கட்டும் என்று. இரண்டு அஞ்சை மட்டும் பிடித்தால் மதிப்பு 0.824, ஏஸையும் சேர்த்துப் பிடித்தால் 0.675. கட்டிய பணத்தில் 15 சதவீதத்தைச் சும்மா விட்டெறிந்த மாதிரி. அதே இரண்டு அஞ்சோடு, ஒரு அஞ்சையும் சேர்த்து நான்கு சீட்டு ஒரே நிறத்தில் இருந்தால் ஜோடியை உடைத்து ஃப்ளஷுக்குப் போக வேண்டும், சுமார் 1.15 அல்லது அதற்கு மேல் வரும். ஜோடி ஜாக்கியாக இருந்தால் உடைக்கக் கூடாது, அது 1.54. இப்படி ஒரு வரிசை இருக்கிறது, ஒரு அட்டையில் எழுதிவிடலாம், ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். இதுவரை அந்தப் புத்தகங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை இங்கே ஆரம்பிக்கிறது. "100 டாலர் எடுத்துக்கொண்டு போனால் சராசரியாக 46 சென்ட்தான் போகும்" என்று படிக்கிறவர் புரிந்துகொள்கிறார். அந்த எழுத்தும் அதைத் திருத்துவதில்லை. 99.54 என்பது ஒவ்வொரு பந்தயத்துக்குமான கணக்கு. கொண்டுபோன பணத்துக்கானது இல்லை. 25 சென்ட் இயந்திரத்தில் ஐந்து காசு போட்டால் ஒரு கைக்கு 1.25 டாலர். பழகியவர் மணிக்கு 600 கை ஆடுவார். ஒரு மணி நேரத்தில் 750 டாலர் பந்தயம். உங்கள் நூறு டாலர் ஏழரை முறை உள்ளே போய் வெளியே வருகிறது, ஒவ்வொரு முறையும் அரை சதவீதம் உதிர்கிறது. மணிக்கு 3 டாலர் 42 சென்ட். இது இன்னும் சின்னத் தொகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பட்டியலில் ஃபுல் ஹவுஸுக்கு 8, ஃப்ளஷுக்கு 5 என்று இருந்தால்? ஃபுல் ஹவுஸ் நூறு கையில் 1.15 தடவை வரும், ஃப்ளஷ் 1.10 தடவை. இரண்டிலும் ஒரு காசு குறைந்தால் 2.25 சதவீதம் போயிற்று, 97.3. மணிக்கு இருபது டாலர் நஷ்டம், ஆறு மடங்கு. 6/5 பட்டியல் என்றால் 95 சதவீதம், மணிக்கு 37 டாலருக்கு மேல். ஏஸைப் பிடிப்பதா விடுவதா என்று பக்கம் பக்கமாகப் படித்துத் தெரிந்துகொண்டதை எல்லாம் திரையில் இரண்டு இலக்கத்தை மாற்றி வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். உட்காருவதற்கு முன் எடுக்கும் முடிவுதான் பெரிய முடிவு. பல எழுத்துகளில் இது ஒரு பத்தியோடு முடிகிறது, சீட்டுப் பிடிக்கும் உத்திக்கு ஐம்பது பக்கம்.

இதைவிடச் சுவாரசியமான ஒன்று இருக்கிறது. எல்லாரும் சொல்லும் முதல் விதி, "எப்போதும் ஐந்து காசு போடு". ஏனென்றால் ராயலுக்கு 800 என்பது ஐந்து காசு போட்டால் மட்டும்தான். குறைவாகப் போட்டால் காசுக்கு 250. சதவீதத்தில் பார்த்தால் அந்த விதி முழுக்கச் சரி. அதே உத்தியோடு ஒரு காசு ஆடினால் 99.54 என்பது 98.18 ஆகக் குறைகிறது. இப்போது டாலரில் பாருங்கள். ஒரு காசு ஆடுபவர் மணிக்கு 150 டாலர் பந்தயம் கட்டுகிறார், 1.82 சதவீதம் போனால் 2.73 டாலர். ஐந்து காசு ஆடுபவருக்கு நஷ்டம் 3.42. விதியைக் கேட்டு நடந்தவர்தான் அதிகம் இழக்கிறார்! சதவீதம் உயர்ந்தது, பர்ஸ் இளைத்தது. 5 சென்ட் இயந்திரத்தில் ஐந்து காசு போடுங்கள் என்று சொன்னால் அது நல்ல ஆலோசனை, அந்த இயந்திரத்திலும் பட்டியல் 9/6 ஆக இருந்தால். ஆனால் விதி பெரும்பாலும் அப்படி எழுதப்படுவதில்லை. எந்தச் சதவீதத்தைக் கூட்டுகிறோம் என்பதை மறந்துவிட்டு அதைக் கூட்டிக்கொண்டே போவது எங்கள் தொழிலிலும் தினமும் நடப்பதுதான், டாஷ்போர்டில் ஒரு எண் பச்சையாக இருக்கும், வாடிக்கையாளர் ஃபோனில் கத்திக்கொண்டிருப்பார்.

அடுத்தது அந்த ராயல். சரியாக ஆடினால் சராசரியாக 40,390 கைக்கு ஒரு ராயல் வரும். 99.54இல் 1.98 அதனுடைய பங்கு. ராயல் வராத வரைக்கும் நீங்கள் ஆடிக்கொண்டிருப்பது 97.56 சதவீத ஆட்டம். மூன்று நாள் பயணம் போகிறீர்கள், தினம் நாலு மணி நேரம் ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 7,200 கை, 9,000 டாலர் பந்தயம். இப்படிப் போகும் நூறு பேரில் 84 பேர் ராயலைப் பார்க்காமலேயே விமானம் ஏறுவார்கள். நூறு பேருக்கும் சேர்த்துச் சராசரி நஷ்டம் 41 டாலர். அந்த 84 பேரின் சராசரி நஷ்டம் 219 டாலர். மீதி 16 பேர் ஆளுக்கு ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ வாங்கிப் போவதால் அந்த 41 வருகிறது. யாருடைய அனுபவம் இந்த 41? எவனுடையதும் இல்லை. ஒரு லட்சம் கை ஆடினால்கூட நூறில் எட்டுப் பேருக்கு ராயல் கண்ணில் படாது.

தமிழில் நாம் இதற்கு 'எதிர்பார்ப்பு மதிப்பு' என்று சொல்கிறோம். மூலச் சொல்லே அப்படித்தான். 1657இல் வெளிவந்த ஹைகன்ஸின் பகடை பற்றிய சிறு நூலின் லத்தீன் வடிவத்திலிருந்து 'எக்ஸ்பெக்டாசியோ' பரவியது. தமிழில் அந்தச் சொல் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. எதிர்பார்ப்பு என்றால் நமக்கு நம்பிக்கை, ஆசை, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. 9/6 ஆட்டத்தில் ஒரு கையில் எதிர்பார்க்க வேண்டியது எது என்று கேட்டால் பதில், பூஜ்ஜியம். நூறில் 54, 55 தடவை அதுதான் வரும். 0.9954 ஒரு கையில்கூட வராது, வரவும் முடியாது. 'நீண்டகாலச் சராசரி' என்று சொல்லிப் பழகியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும், ஆனால் அப்போதும் அடுத்த கேள்வி இருக்கும்: எவ்வளவு நீண்ட காலம்?

அதற்கு இன்னொரு எண் வேண்டும், சதவீதத்தோடு சேர்த்துத்தான் அச்சிட வேண்டும் என்று நான் நினைக்கும் எண். திட்ட விலக்கம். 9/6இல் ஒரு கைக்குக் கட்டிய தொகையைப் போல 4.42 மடங்கு. 600 கைக்கு, 25 சென்ட் இயந்திரத்தில், சுமார் 135 டாலர். எதிர்பார்ப்பு 3.42 நஷ்டம், ஊசலாட்டம் 135. ஒரு மாலைப் பொழுதில் நடப்பது எல்லாமே இந்த இரண்டாவது எண்ணின் வேலை. நான் ஒரு கருத்தரங்குக்காக லாஸ் வேகஸ் போனபோது இரண்டு மாலைகள் சேர்த்துச் சுமார் அறுநூறு கை ஆடினேன், 8/5 பட்டியல். சட்டைப் பையில் நானே அச்சடித்த அட்டை. 62 டாலர் போனது. கணக்குப்படி போக வேண்டியது இருபது. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் தொட்டதையெல்லாம் தப்பாகப் பிடித்துக்கொண்டு எண்பது டாலர் மேலே இருந்தார். இரண்டு முடிவும் எதையும் நிரூபிக்கவில்லை. அட்டையைப் பார்த்து ஆடினேன் என்ற கர்வம் மட்டும் எனக்கு மிச்சம். அந்தக் கர்வம் எதற்கு என்று திரும்பி வரும் விமானத்தில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

"நீ சொல்வதெல்லாம் நூறுக்குக் கீழே இருக்கும் ஆட்டத்துக்கு, நூறுக்கு மேலே இருப்பதை மட்டும் ஆடினால்?" என்று ஒரு கட்சி உண்டு. அதன் தலைவர் என்று பாப் டான்சரைச் சொல்லலாம். அவருடைய 'மில்லியன் டாலர் வீடியோ போக்கர்' 2003இல் வந்தது. ஆறாயிரம் டாலரோடு ஆரம்பித்து, 2000, 2001 வாக்கில் ஆறே மாதத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஜெயித்த கதை. படிக்க விறுவிறுப்பாக இருக்கிறது, கணக்கில் ஓட்டை இல்லை. அவர் வெறும் சீட்டு உத்தியை நம்பவில்லை. கேசினோவின் உறுப்பினர் அட்டைக்குக் கிடைக்கும் புள்ளிகள், சிறப்புச் சலுகை நாட்கள் எல்லாவற்றையும் சேர்த்து நூறைத் தாண்டும் இடத்தை மட்டும் தேடித் தேடி ஆடினார். உழைப்பு என்றால் உழைப்புதான். ஒழுக்கமாக ஆடினால் கணிதம் உன் பக்கம் என்பதுதான் அந்தக் கதையிலிருந்து வாசகர் எடுத்துக்கொள்வது. இங்கேதான் நான் அவரோடு நிற்க மாட்டேன்.

ஒரு பேச்சுக்கு, உங்களுக்கு ஒரு சதவீதம் சாதகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 டாலர் இயந்திரம், ஒரு கைக்கு 500 டாலர். பத்து லட்சம் ஜெயிக்க பத்துக் கோடி டாலர் பந்தயம் கட்ட வேண்டும், இரண்டு லட்சம் கை. திட்ட விலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். 4.42 பெருக்கல் 500, பெருக்கல் இரண்டு லட்சத்தின் வர்க்கமூலம். சுமார் 9,88,000 டாலர். எதிர்பார்ப்பு பத்து லட்சம், ஊசலாட்டமும் கிட்டத்தட்ட பத்து லட்சம். இதே திறமை, இதே ஒழுக்கம், இதே அட்டையோடு ஆடிய ஆறு பேரில் ஒருவர் நஷ்டத்தில் முடிப்பார். இன்னொருவர் இருபது லட்சத்தோடு எழுந்து போவார். புத்தகம் எழுதுவது யார்?

பெரிய தொகையை விடுங்கள், சாதாரண ஆளின் கணக்குக்கு வருவோம். முழுப் பட்டியல் 'டியூசஸ் வைல்ட்' (இரண்டுகள் எல்லாம் ஜோக்கர்) இந்தக் கட்சியின் செல்லப்பிள்ளை. திரும்பி வருவது 100.76 சதவீதம். 25 சென்டில் மணிக்கு 5 டாலர் 70 சென்ட் வருமானம். திட்ட விலக்கம் ஒரு கைக்கு 5.08. இந்த 0.76 தன் ஊசலாட்டத்துக்குச் சமமாக வளர எத்தனை கை வேண்டும்? சுமார் 4,47,000. மணிக்கு 600 வீதம் 745 மணி நேரம். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்றால் நாலு மாதத்துக்கு மேல், வேலைக்குப் போவது போலப் போய், ஒரு பிழைகூட விடாமல். அதன் முடிவில் சராசரி வருமானம் சுமார் 4,250 டாலர், அப்போதும் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு நஷ்டத்தில் நிற்க. இதற்குள் கேசினோ சும்மா இருக்காது. அந்த இயந்திரங்களை லாஸ் வேகஸிலேயே இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். நீண்டகாலச் சராசரி வேலை செய்யத் தேவையான நீண்ட காலத்தை உங்களுக்குத் தர வேண்டியவர் யாரோ, அதைத் தராமல் இருக்க எல்லாக் காரணமும் உள்ளவரும் அவரேதான்.

நேரம் என்று சொன்னேன். நடாஷா டௌ ஷூல் என்ற மானிடவியலாளர் லாஸ் வேகஸில் பல வருடம் ஆய்வு செய்து 2012இல் 'அடிக்‌ஷன் பை டிசைன்' என்ற புத்தகம் எழுதினார். இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே சிறந்தது, அதில் ஒரு எதிர்பார்ப்பு மதிப்பு அட்டவணைகூடக் கிடையாது. ஊருக்கு வந்துபோகிறவர்கள் இல்லை, அங்கேயே குடியிருந்து கேசினோவிலோ ஹோட்டலிலோ வேலை பார்த்து, வேலை முடிந்ததும் வீடியோ போக்கர் முன்னால் உட்காருகிறவர்கள்தான் அதில் வருகிறார்கள். ஜெயிப்பதற்காக ஆடவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு எதுவும் நினைவில் வராத ஒரு நிலைக்குள் போய்விட வேண்டும். பெரிய தொகை விழுந்தால் அது இன்னும் சில மணி நேரத்துக்கான எரிபொருள். இயந்திரம் செய்பவர்களிடமும் இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது, ஒருவர் இயந்திரத்தின் முன் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பது.

இதைப் படித்த பிறகு 99.54 எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. உத்திப் புத்தகக்காரருக்கு அது கேசினோவின் பங்கு எவ்வளவு குறைவு என்பதன் அளவு. ஷூல் சந்தித்த மனிதருக்கு, இருக்கும் பணத்தை எவ்வளவு நேரம் இழுக்கலாம் என்பதன் அளவு. கையில் நூறு டாலர் இருக்கிறது, ஊசலாட்டத்தை மறந்துவிட்டுச் சராசரியை மட்டும் பார்த்தால், 6/5 இயந்திரத்தில் மூன்று மணி நேரம்கூட வராது. 9/6இல் இருபத்தொன்பது மணி நேரம். அவர் அந்த இருபத்தொன்பது மணி நேரத்தையும் உட்கார்ந்து தீர்ப்பார், பிறகு அடுத்த சம்பளம். சரியாக ஆடக் கற்றுக்கொடுத்தது அவருக்கு நன்மையா? எனக்குப் பதில் சுலபமாக வரவில்லை. உத்தி அட்டை ஆடுபவனுக்கு ஒரு மரியாதையைக் கொடுக்கிறது. நான் சூதாடி இல்லை, கணக்குப் போட்டு ஆடுகிறவன் என்று அவனே தனக்குச் சொல்லிக்கொள்ளலாம். என் சட்டைப் பையில் இருந்த அட்டையும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. 62 டாலரோடு நின்றது கணக்கு தெரிந்ததால் இல்லை, மறுநாள் காலை விமானம் இருந்ததால்.

டான்சர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஃப்ரோம் போன்றவர்கள் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் 6/5 முன்னால் உட்கார்ந்து ஏஸைப் பிடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள். பந்தயத்துக்கான விலையைச் சொல்லிவிட்டு மணி நேரத்துக்கான விலையைச் சொல்லாமல் விடுவதுதான் என் புகார்.

என் நிரலின் கடைசி வரி இவ்வளவு நாளும் ஒரே ஒரு எண்ணைத்தான் அச்சிட்டது, 0.9954. இப்போது மாற்றிவிட்டேன். பட்டியலோடு சேர்த்து மூன்று விஷயங்களைக் கேட்கும்: ஒரு கைக்கு எவ்வளவு, மணிக்கு எத்தனை கை, மொத்தம் எத்தனை மணி நேரம். அதற்குப் பிறகு சராசரி நஷ்டத்தை டாலரில், ஊசலாட்டத்தை டாலரில், ராயலைப் பார்க்காமல் எழுந்துபோகும் வாய்ப்பைச் சதவீதத்தில் சொல்லும். முன்பு போட்ட சதவீதத்தையும் எடுக்கவில்லை, நாலாவது வரியில் இருக்கிறது.